நடுக்கக் கோடு

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ‘முதல் படி’ செயலி நான்கு பாடங்கள் நடத்தியது. விலை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். அந்த ஆட்டத்தில் மயங்காமல், பல நாள் விலையைக் கூட்டி வகுத்துப் போடும் கோடு நகரும் சராசரி. மக்கள் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்களா, அளவுக்கு மீறி விற்றுவிட்டார்களா என்று நூறுக்குள் ஒரு எண்ணாகச் சொல்வது ஆர்.எஸ்.ஐ. விழுகிற விலை வழக்கமாகத் தாங்கி நிற்கும் இடம் சப்போர்ட். ஏறுகிற விலை வழக்கமாக முட்டித் திரும்பும் இடம் ரெசிஸ்டன்ஸ். இவ்வளவுதான். பாடம் முடித்ததும் அதே செயலியில் கணக்குத் திறந்து பங்கு வாங்கலாம், விற்கலாம்; அப்படித் திறந்தவர் வீட்டுக்குக் கூரியரில் ஒரு கைப்பட்டை வரும். வாட்ச் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். நாடித் துடிப்பு, தோலின் ஈரம், விரல் நடுக்கம் எல்லாவற்றையும் அது பதிந்துகொள்ளும். ‘உங்கள் பதற்றத்தை நீங்களே அறிந்துகொள்ள’ என்று பெட்டிமேல் அச்சடித்திருந்தார்கள்.

அந்தப் பதற்றத்தை வேறு சிலரும் அறிந்துகொண்டார்கள் என்பது பெட்டிமேல் இல்லை.

நஸ்ரீன் அந்த நிறுவனத்தில் சேர்ந்த அன்றே நிறுவனர் பரத்வாஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“நம்ம சொல்லித்தர நாலு இண்டிகேட்டர்ல எது நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்லும்?”

“எதுவும் சொல்லாது சார். எல்லாமே நடந்து முடிஞ்ச விலையை வச்சுப் போடறதுதானே.”

“அதான். முடிஞ்ச மேட்சுக்கு ஸ்கோர் பார்க்கற மாதிரி. ஆனா ஒருத்தன் விக்கறதுக்கு முன்னாடி பயப்படறான் பாருங்க, அது நடக்கப்போற விஷயம். புதுசா வந்தவங்க எல்லாம் நம்மகிட்ட ஒரே பாடம் படிச்சவங்க. ஒரே இடத்துலதான் பயப்படுவாங்க. அவங்க கையில இருக்கற பட்டைங்க எல்லாத்தையும் சேர்த்து ஒரு கோடு போட்டா?”

அந்தக் கோட்டைப் பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்குச் சந்தா முறையில் விற்பதுதான் உண்மையான தொழில். அலுவலகத்தில் அதற்கு நடுக்கக் கோடு என்று பெயர். கோடு உயர்ந்தால் சிறு முதலீட்டாளர்கள் சற்று நேரத்தில் பயந்து விற்கப்போகிறார்கள் என்று பொருள். பெரியவர்கள் அதற்குள் விற்றுவிட்டு, விலை விழுந்தபின் அடிமாட்டு விலைக்குத் திரும்ப வாங்குவார்கள். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. பட்டை கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தியிருந்தார்கள்.

நஸ்ரீனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு பிடித்திருந்தது. லட்சக்கணக்கான கைகளிலிருந்து வரும் துடிப்பில் முக்கால்வாசி குப்பை. மாடிப்படி ஏறினாலும் நாடி துடிக்கும், காபி குடித்தாலும் துடிக்கும், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டாலும் துடிக்கும். அதையெல்லாம் சலித்துச் சலித்து எடுத்ததில், ஒரு நாள் அவளுக்கே நம்ப முடியாத ஒன்று கிடைத்தது. கோட்டின் துல்லியம் முழுவதும் ஒரே ஒரு பட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால், நடுக்கக் கோடு மற்ற குறியீடுகளைப் போலவே குருடாகிவிட்டது.

அந்தப் பட்டை சும்மா துடிக்காது. காலையில் அமைதியாக இருக்கும். என்றைக்கு ஊரே விற்கப்போகிறதோ அன்றைக்கு மட்டும், மற்றவர்களுக்குப் பயம் தொடங்கும் முன்பே, அந்த ஒரு கை நடுங்க ஆரம்பிக்கும்.

“யாரு இவரு?” என்றார் பரத்வாஜ்.

“லோகநாதன். உடுமலைப்பேட்டை. ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசரா இருந்திருக்காரு. மில்லை மூடினதும் வந்த பணத்தை வச்சு ஆரம்பிச்சிருக்காரு.”

“லாபமா, நஷ்டமா?”

“நஷ்டம்தான் சார். கணக்கை மூடணும்னு போன வாரம் கேட்டிருக்காரு.”

பரத்வாஜ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “விடக் கூடாது. கமிஷன் வேண்டாம்னு சொல்லுங்க. யாரையாவது விட்டுப் போன் பண்ணிப் பேசச் சொல்லுங்க, மரியாதையா. நீங்க எங்களுக்கு முக்கியமானவர்னு சொல்லச் சொல்லுங்க. அது பொய் இல்லையே?”

நஸ்ரீன்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தாள். போனில் என்ன பேச வேண்டும் என்று வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதிக் கொடுத்ததும் அவள்தான். லோகநாதன் கணக்கை மூடவில்லை.

அதற்குப் பிறகு பங்குனியில் ஒரு புதன்கிழமை. காலைச் சந்தை திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எந்தக் கெட்ட செய்தியும் இல்லை. யுத்தம் இல்லை, வட்டி உயரவில்லை. திடீரென்று அந்த ஒரு பட்டையின் துடிப்பு, கருவி அளக்கக்கூடிய உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. நடுக்கக் கோடு சுவரைப் போல நிமிர்ந்தது. சந்தா கட்டியிருந்த நிறுவனங்களின் கணினிகள் யாரையும் கேட்காமல் விற்கத் தொடங்கின. விலை சப்போர்ட்டைத் தொட்டது. நிற்கவில்லை. ‘இந்த இடம் உடைந்தால் வெளியேறிவிடுங்கள்’ என்று பாடம் படித்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் சந்தை அதலபாதாளத்தில் கிடந்தது.

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நாட்டில் வேறு எந்தக் குறியீடும் முன்கூட்டிச் சொல்லாத வீழ்ச்சியை நடுக்கக் கோடு சொல்லிவிட்டது அல்லவா?

நஸ்ரீன் மட்டும் லோகநாதனின் கணக்கைத் திறந்து பார்த்தாள். அன்று அவர் எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை. காலையில் செயலியைத் திறந்தவர், அந்தத் துடிப்பு எழுவதற்குச் சற்று முன்பிருந்து திரையைத் தொடவே இல்லை. மறுநாளும் பட்டை உச்சத்தில் இருந்தது. சனி, ஞாயிறு சந்தை விடுமுறை. அப்போதும் அது இறங்கவில்லை.

கோடு அசையாமல் உச்சியிலேயே நிற்கிறதே என்று திங்கட்கிழமை சந்தாதாரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். “நேர்ல போய்ப் பாருங்க நஸ்ரீன்,” என்றார் பரத்வாஜ். “உடம்பு சரியில்லைன்னா நல்ல டாக்டராப் பார்க்கலாம். செலவு நம்மது.”

பொள்ளாச்சியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து உடுமலை போனாள். ஊருக்கு வெளியே காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. லோகநாதனின் வீடு ஒரு குறுகலான வீதியின் நடுவில் இருந்தது. வாசலில் சாமியானா கட்டிய கம்பங்களைப் பிடுங்கிய குழிகள் அப்படியே கிடந்தன. உள்ளே ஒரு நாற்காலியில் படம். மாலை வாடியிருந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

நஸ்ரீன் செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளேயிருந்து வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “வாங்க,” என்றாள். “யாருங்க, மில்லுல கூட வேலை செஞ்சவங்களுங்களா?”

“இல்லக்கா. சென்னையிலேர்ந்து வர்றேன். முதல் படி கம்பெனி.”

“போன் பண்ணிப் பேசுனீங்களே, அந்தக் கம்பெனிங்களா! உள்ள வாங்க, உக்காருங்க. அவரு இருந்திருந்தா அப்படியே பூரிச்சுப் போயிருப்பாரு.” சொல்லும்போதே குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையின் மணிக்கட்டில் அந்தப் பட்டை இருந்தது. பச்சைப் புள்ளி விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

நஸ்ரீன் அதையே பார்த்தாள். “அக்கா, இது அவரோட பட்டைதானே?”

“அவருக்குன்னுதான் வந்துச்சுங்க. அவரு கட்டுனா வேலையே செய்யலீங்க. பிரசருக்கும் நெஞ்சுக்கும் மாத்தரை சாப்பிட்டுட்டிருந்தாருங்களா, அதுல நாடி ஏறவே ஏறாதாமா. என்ன நடந்தாலும் ஒரே மாதிரி அடிக்குதுன்னு பட்டை ஒத்துக்கலீங்க. கட்டாம இருந்தா கணக்கை நிறுத்திப்போடுவாங்கன்னு பயந்துட்டு, சுகந்தி நீ கட்டிக்கோ, யாருக்குத் தெரியப்போகுதுன்னாரு. அன்னைல இருந்து என் கையிலதான் கிடக்குதுங்க. தப்புங்களா?”

“தப்பில்லக்கா.” என்றாள் நஸ்ரீன். “உங்களுக்குச் சந்தை பத்தித் தெரியுமா?”

“எனக்கென்னங்க தெரியும்? அவரு படிச்சதையெல்லாம் எனக்குச் சொல்லித்தருவாரு. ஒரு நாள் கோவத்தை வெச்சு ஆளை எடை போடாதே சுகந்தி, பத்து நாள் சேத்துப் பாரு, அதான் சராசரின்னுவாரு. நான் சோறு வடிச்சுட்டே கேட்டுக்குவேன். ஒம்பதேகாலுக்கு அவரு போனை எடுத்துட்டு உக்காந்தாருன்னா, நானும் அரிவாள்மணையை எடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்துக்குவேன். அந்தக் கோடெல்லாம் எனக்குப் புரியாதுங்க. அவரு மூஞ்சியத்தான் பாத்துட்டிருப்பேன்.”

“என்ன தெரியும் முகத்துல?”

சுகந்தி கொஞ்சம் யோசித்தாள். “கீழ் உதட்டை உள்ள மடிச்சுக்குவாருங்க. அவருக்கே தெரியாது. ஒண்ணுமில்ல, இது ஏறிரும், ஏறிரும்னு எங்கிட்டச் சொல்லிட்டே இருப்பாரு, உதடு மட்டும் உள்ள போயிரும். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். செத்த நேரங்கழிச்சு அவரு வித்துப்போடுவாரு. எல்லாருமே வித்துட்டாங்களாமா, நான் கொஞ்சம் முன்னாலயே வித்திருக்கோணும்னு தலையில அடிச்சுக்குவாரு.”

நஸ்ரீனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே பாடம் படித்த லட்சம் பேரில் லோகநாதன் ஒருவர். அவர் எங்கே பயப்படுவாரோ அங்கேதான் அத்தனை பேரும் பயப்படுவார்கள். ஆனால் அவர் தன் பயத்தைத் தனக்கே ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்குத் தெரியும் முன்பே அது அவர் மனைவிக்குத் தெரிந்துவிடும். நாட்டின் பெரிய பெரிய நிறுவனங்கள் சந்தா கட்டி வாங்கிப் பார்த்தது, வெங்காயம் அரிந்துகொண்டே புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நெஞ்சை.

“தை மாசத்தோட உட்டர்றேன்னு சொன்னாருங்க,” என்றாள் சுகந்தி. “ஒரு மளிகைக்கடை போடலாம்னு இடங்கூடப் பாத்துட்டோம். அப்பத்தான் உங்க கம்பெனில இருந்து போன் வந்துச்சு. நீங்க எங்களுக்கு ரொம்ப முக்கியமானவருன்னு சொன்னாங்களாமா. அவரு அன்னைக்கு மூணு தடவை அதையே எங்கிட்டச் சொன்னாருங்க. மில்லுல அத்தனை வருசம் இருந்தாரு, ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. அதுக்கப்பறம் கடைப் பேச்சையே எடுக்கலீங்க.”

அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவள் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“புதன்கெழமை என்னக்கா ஆச்சு?”

“நல்லாத்தான் உக்காந்திருந்தாருங்க. டீ கேட்டாரு. டம்ளரைக் கொண்டாந்து வெக்கறேன், போனு மடியில கிடக்குது, தலை சாஞ்சிருக்குது. தூங்கறாருன்னு தோளைத் தொட்டேன்...” கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பட்டையின் பச்சைப் புள்ளி வேகமாக அடித்தது.

சொல்லாமல் திரும்பிப் போயிருக்கலாம். பரத்வாஜ் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் அந்தப் புள்ளி எரிவதைப் பார்த்துக்கொண்டு நஸ்ரீனால் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், பட்டை எதற்கு, கோடு எதற்கு, யார் வாங்குகிறார்கள், போன் ஏன் வந்தது, அதில் பேசிய வார்த்தைகள் யாருடையவை. கடைசியில் புதன்கிழமை சந்தை விழுந்ததையும்.

சுகந்தி திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தாள். சுகந்தி மணிக்கட்டைத் திருப்பிப் பட்டையைப் பார்த்தாள். பிறகு, “நான் அழுததுலயா விழுந்துச்சு?” என்று கேட்டாள்.

“நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. அந்தக் கம்ப்யூட்டருங்கதான்...”

“அன்னைக்கு எத்தனை பேர் வீட்டுல காசு போயிருக்கும்?”

“நிறையப் பேர்.”

“அவரு மாதிரி ஆளுகளுக்கா? இல்ல, பெரிய ஆளுகளுக்கா?”

நஸ்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள். “அவர் மாதிரி ஆளுங்களுக்குத்தான்.”

“அப்ப அவங்க வீட்டுலயும் பொம்பளைங்க பக்கத்துல உக்காந்துட்டு மூஞ்சியப் பாத்துட்டு இருந்திருப்பாங்களே.” சுகந்தி இப்போது வேறு விதமாக அழுதாள், சத்தமில்லாமல். “அவருக்குன்னு அழுததுங்க அது. அதக் கூட எனக்குன்னு விட்டு வெக்கலியே.”

பட்டையின் கொக்கியை இழுத்துப் பார்த்தாள், கழலவில்லை. நஸ்ரீன்தான் கழற்றினாள். அந்த நிமிடத்தில் சென்னையில் நடுக்கக் கோடு தரையோடு படுத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

சென்னைக்குத் திரும்பியதும் நேராகப் பரத்வாஜின் அறைக்குப் போனாள். இதை நிறுத்த வேண்டும் என்றாள். நடந்தது அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் மனம் இரங்குவார் என்ற நம்பிக்கையில், மாத்திரை, கீழ் உதடு, அரிவாள்மணை வரைக்கும் சொன்னாள். பரத்வாஜுக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

“அந்தம்மாவுக்கு ஏதாவது செய்யணும்,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். “அப்போ, டிரேட் பண்றவரோட பல்ஸ் இல்ல. பக்கத்துல உட்கார்ந்து அவரைப் பார்க்கறவங்களோட பல்ஸ். அப்படித்தானே?”

அந்தக் கேள்வியின் பொருள் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. மறுநாள் வேலையை விட்டாள். ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தப் போனாள்.

ஆடி மாதத்தில் சுகந்தி போன் செய்தாள்.

“நல்லா இருக்கறியா கண்ணு? ஒண்ணு கேக்கோணும். எங்க வீதியில பவித்ரான்னு ஒரு புள்ள, புதுசாக் கல்யாணமானது. அவ வீட்டுக்காரனும் அந்தச் செயலியிலதான் இருக்கறான். அவளுக்குன்னு தனியா ஒரு பட்டை வந்திருக்குது. இல்லத்தரசிகளுக்கு அன்புப் பரிசுன்னு போட்டிருக்குதாமா. வீட்டுக்காரன் வியாபாரம் பண்றப்ப பக்கத்துல உக்காந்தா கமிஷன்ல தள்ளுபடியாமா. வீதியில இன்னும் நாலஞ்சு பேருக்கு வந்திருக்குது. நான் அவரு மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருந்ததை உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீ யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

பொய் சொல்லத் தோன்றியது. “சொன்னேன்க்கா. நிறுத்துவாங்கன்னு நினைச்சுச் சொன்னேன்.”

“சரி, உடு,” என்றாள் சுகந்தி. “லீவு கிடைச்சா ஒரு நாளைக்கு வா.”

அந்த வாரமே போனாள். காலையில் வீதிக்குள் நுழைந்தபோது சுகந்தியின் வீட்டில் ஒரே பேச்சுச் சத்தம். கூடத்தில் ஐந்தாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் பட்டை. டி.வி.யில் ஏதோ பாட்டுப் போட்டி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

சுகந்தி அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னாள். “கழட்டுங்கன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கலை. தள்ளுபடி போயிரும்னு புருசன்காரங்க சத்தம் போடறாங்களாமா. அதான் ஒம்பது மணிக்கே இங்க வரச்சொல்லிப்போட்டேன். ஊறுகாய் போட்டு விக்கலாம்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். பட்டை கையில இருந்துட்டுப் போகட்டும். அவனுக மூஞ்சியப் பாத்தாத்தானே நெஞ்சு அடிக்கும்?”

நஸ்ரீன் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். சுகந்தி சிரிக்கவில்லை.

“ஆனா ஒண்ணு கண்ணு. இவங்கள எல்லாம் நான் இங்க இழுத்துட்டு வந்துட்டேன். அங்க அவனுக தனியா உக்காந்திருக்கறானுக. எவனாவது நெஞ்சைப் புடிச்சுட்டுச் சாஞ்சான்னா, தண்ணி குடுக்கக்கூட ஆளில்லியே. நான் பக்கத்துல இருந்து மட்டும் என்னத்தக் காப்பாத்துனேன், அது வேற. இருந்தாலும்...”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சந்தை திறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நீ இவங்ககூடப் பேசிட்டிரு. நான் ஒரு எட்டுப் போயிட்டு வர்றேன்.”

நஸ்ரீன் வாசலுக்கு வந்து பார்த்தாள். சுகந்தி வீதியில் மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் நின்றாள். உள்ளே போனும் கையுமாக உட்கார்ந்திருந்தவனின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அடுத்த வீட்டுக்குப் போனாள். பவித்ராவின் வீட்டு ஜன்னலில் மட்டும் நெடுநேரம் நின்றாள். பிறகு கதவைத் தட்டினாள்.

“ஏப்பா தம்பி,” என்று அவள் குரல் கேட்டது. “டீ போட்டுத் தரட்டுமா? செத்த நேரம் வெளிய வந்து உக்காரு வா.”